நானூறாம் நம்பர் பூனை

சரித்திரத்தில் மிருகங்களுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். அலெக்ஸாந்தரின் குதிரைக்கு ஒரு வரி. ராணா பிரதாபரின் சேதக்குக்கு ஒரு வரி. நம் பக்கத்தில் திருவாரூர்த் தேர்க்காலில் விழுந்த கன்றுக்கும், அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணியை அசைத்த அதன் தாய்க்கும் ஓர் இடம் உண்டு. பூனைக்கு யாரும் இடம் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்து வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

நான் சொல்லப் போகும் பூனைக்குப் பெயர் கிடையாது. நானூறு என்று ஒரு நம்பர்தான் உண்டு. 1959-ஆம் வருஷம் ஜப்பானில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் சொந்த ஆஸ்பத்திரியில், அது கூண்டுக்குள் இருந்தது. அது செத்துச் சொன்ன உண்மை நியாயஸ்தலத்தின் காதில் விழ இன்னும் பதினோரு வருஷம் ஆயிற்று. அந்த இடைவெளியில் நடந்ததுதான் என் விஷயம்.

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது கியூஷு. அதன் மேற்குக் கரையில், குமமோட்டோ ஜில்லாவில், மினமாட்டா என்று ஒரு சின்ன ஊர். எதிரே ஷிரனூயி என்ற உள்கடல். சுற்றிலும் தீவுகள் அணைத்துக் கொண்டிருப்பதால் பெரிய அலை கிடையாது. ஏரி மாதிரி அமைதியான தண்ணீர். கரையோரக் குப்பங்களில் மூன்று வேளையும் மீன்தான். அரிசி வாங்கக் காசில்லாத நாளிலும் மீன் இருக்கும். சிப்பியும் நண்டும் இருக்கும். நம் கிராமத்து ஏழைக்குக் கொல்லை முருங்கை எப்படியோ, அவர்களுக்குக் கடல் அப்படி. பணம் இல்லையென்றாலும் பட்டினி இல்லை.

இந்த ஊருக்கு 1908-ஆம் வருஷத்தில் ஒரு தொழிற்சாலை வந்தது. நொகுச்சி என்ற இன்ஜினீயர் தொடங்கிய கம்பெனி அது. கார்பைடும், அதிலிருந்து ரசாயன உரமும் செய்தார்கள். பின்னால் சிஸ்ஸோ என்ற பெயரில் உலகம் முழுவதும் தெரிய வந்த கம்பெனி இதுதான். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு நைட்ரஜன் என்று அர்த்தம். உப்புக் காய்ச்சியும் மீன் பிடித்தும் பிழைத்த ஊரில் சம்பள நாள் என்று ஒன்று வந்தது. பையன்களுக்கு வேலை கிடைத்தது. கடைத்தெரு வளர்ந்தது. கழிவுநீர் கடலில் விழுந்து மீன் குறைந்தபோது மீனவர் சங்கம் முறையிட்டது. 1926-ல் கம்பெனி ஒரு தொகையைக் கொடுத்து, இனிமேல் புகார் சொல்வதில்லை என்று எழுதி வாங்கிக் கொண்டது. இந்த 1926-ஆம் வருஷத்துக் காகிதத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ளவேண்டும். இதே மாதிரி இன்னொரு காகிதம் பின்னால் வரப் போகிறது.

1932-ல் அந்தத் தொழிற்சாலை அசிட்டால்டிஹைடு என்ற திரவத்தைச் செய்ய ஆரம்பித்தது. பிளாஸ்டிக், காடி அமிலம் முதலிய பல சரக்குகளுக்கு அதுதான் மூலப்பொருள். கார்பைடிலிருந்து எழும் அசிட்டிலீன் வாயுவைப் பாதரச உப்புக் கலந்த தண்ணீருக்குள் செலுத்தினால் அது அசிட்டால்டிஹைடாக மாறும். பாதரசம் இதில் கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பேரைச் சேர்த்து வைத்துவிட்டு விலகிக் கொள்ளவேண்டும். ஆனால் அதில் கொஞ்சம் மீதைல் பாதரசம் என்ற வேறு ரூபம் எடுத்துக் கழிவுநீரோடு விரிகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த முறையை அங்கே உருவாக்கிய இன்ஜினீயர் ஹாஷிமோட்டோ பின்னால் தொழிற்சாலையின் மானேஜரானார். அதற்கும் பின்னால், 1950-ல், ஊருக்கே மேயரானார். ஊர் எது, கம்பெனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைமை.

பாதரசத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜுரமானி கைதவறி உடைந்தால் தரையில் குட்டிக் குட்டி முத்துக்களாக ஓடுமே, அதுதான். அந்தப் பளபளப்பான ரூபத்தில் தப்பித் தவறி வயிற்றுக்குள் போனாலும் பெரும்பாலும் வெளியே போய்விடும். அதன் ஆவிதான் பொல்லாதது. மீதைல் பாதரசத்தின் குணமே வேறு. அது உடம்புக்குள் போனதும், நாம் உண்ணும் புரதத்தின் ஒரு துணுக்குப் போல வேஷம் போட்டுக் கொள்கிறது. உடம்பும் ஏமாந்து, மூளைக்குப் போகும் கதவையும் கருப்பைக்குப் போகும் கதவையும் அதற்குத் திறந்து விடுகிறது. உள்ளே போனதில் பாதி வெளியேறவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதற்குள் அடுத்த வேளைச் சாப்பாடு வந்துவிடுகிறது.

கடலிலும் இதே கணக்குத்தான். தண்ணீரில் இருக்கும் விஷம் அற்ப சொற்பம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் பாசிகளும் அதைச் சேர்த்து வைக்கின்றன. அவற்றைச் சின்ன மீன் ஆயிரக் கணக்கில் தின்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. படிக்குப் படி விஷம் ஏறி, பெரிய மீனின் சதையில் தண்ணீரில் இருந்ததைவிட லட்சக் கணக்கான மடங்காகிவிடுகிறது. கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. ருசியும் மாறாது, வாசனையும் மாறாது. கெட்டுப்போன மீனை மூக்கு கண்டுபிடித்துவிடும். இந்த மீனைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு எந்த இந்திரியமும் இல்லை.

*

1950-க்குப் பிறகு விரிகுடாவில் விநோதங்கள் தென்பட்டன. மீன்கள் செத்து மிதந்தன. காக்கைகள் பறக்கும்போதே கடலில் விழுந்தன. குப்பத்துப் பூனைகள் தள்ளாடின. வாயில் நுரை தள்ளச் சுற்றிச் சுற்றி வந்தன. சில, கடலில் போய் விழுந்து செத்தன. ஜனங்கள் அதைப் பூனைகள் ஆடும் வியாதி என்றார்கள். 1954 ஆகஸ்டில் குமமோட்டோப் பத்திரிகை ஒன்றில் ஒரு சின்னச் செய்தி வந்தது: ஒரு குப்பத்தில் பூனைகள் அநேகமாக எல்லாம் செத்துப் போய்விட்டன, எலித் தொல்லை தாங்க முடியவில்லை. படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். பூனை ஆடிற்று என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் மீன்காரர் வீட்டுப் பூனைக்கும் மீன்காரருக்கும் சாப்பாடு ஒன்றேதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

1956-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், குப்பத்திலிருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நடை தடுமாறிற்று, பேச்சுக் குழறிற்று, வலிப்பும் இருந்தது. சில நாளில் அதன் தங்கைக்கும் அதே கதி. தாயாரை விசாரித்ததில் அடுத்த வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியின் தலைவர் டாக்டர் ஹாஜிமே ஹோசோகாவா. மே மாதம் 1-ந் தேதி அவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தினார்: நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இன்னதென்று தெரியாத வியாதி பரவியிருக்கிறது. மினமாட்டா வியாதி கண்டுபிடிக்கப்பட்ட நாள் என்று சரித்திரம் குறித்து வைத்திருப்பது இந்தத் தேதியைத்தான். கண்டுபிடித்தவர் கம்பெனியின் சம்பளம் வாங்கிய டாக்டர் என்பதையும் குறித்துக் கொள்ளவேண்டும்.

முதலில் தொத்து வியாதி என்று பயந்தார்கள். நோயாளிகளைத் தனியே ஒதுக்கினார்கள். வீடுகளில் மருந்து தெளித்தார்கள். அந்த வீட்டு ஜனங்களின் கையிலிருந்து காசு வாங்கக் கடைக்காரர்கள் கூசினார்கள். உதடும் விரலும் மரத்துப் போயின. பார்வை குறுகிக் குறுகி, குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆயிற்று. கிண்ணத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. பொத்தான் போட முடியவில்லை. அக்டோபருக்குள் நாற்பது நோயாளிகள். அவர்களில் பதினான்கு பேர் இறந்து போனார்கள். உடம்பு தேற வேண்டுமென்று உறவினர்கள் நல்ல மீனாகப் பார்த்து ஊட்டினார்கள். இதை எழுதும்போதே என் கை சற்று நின்று விடுகிறது.

குமமோட்டோ சர்வகலாசாலை டாக்டர்கள் வந்தார்கள். 1956 நவம்பரிலேயே அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: இது தொத்து வியாதி அல்ல, ஏதோ ஒரு கனமான உலோகத்தின் விஷம், மீனும் சிப்பியும் வழியாக வருகிறது. எந்த உலோகம் என்பதுதான் தெரியவில்லை. மாங்கனீஸா, செலீனியமா, தாலியமா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். தொழிற்சாலை என்னென்ன உபயோகிக்கிறது என்ற விவரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1957-ல் விரிகுடா மீனை விற்கக் கூடாதென்று உத்தரவு போடலாமா என்று ஜில்லா அதிகாரிகள் தலைநகரத்தைக் கேட்டார்கள். சுகாதார மந்திரி காரியாலயத்திலிருந்து பதில் வந்தது: விரிகுடாவில் உள்ள எல்லா மீனிலும் விஷம் இருக்கிறது என்பதற்குத் தெளிவான அத்தாட்சி இல்லை, ஆகையால் சட்டத்தைப் பிரயோகிக்க முடியாது. எத்தனை அழகான வாக்கியம்! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பாட்டிமார் கணக்கு. காரியாலயத்துக்கு ஒவ்வொரு பருக்கையையும் பார்த்தாக வேண்டும்.

இதற்கு உதவக்கூடிய அறிவு உலகத்தில் ஏற்கனவே இருந்தது. இங்கிலாந்தில் விதை தானியத்துக்குப் பூசும் பாதரச மருந்தைச் செய்யும் தொழிற்சாலையில் நாலு தொழிலாளிகளுக்கு இதே மாதிரி கை நடுக்கமும் பார்வைக் குறுக்கமும் வந்ததைப் பற்றி 1940-ல் ஹண்டர், பாம்ஃபோர்ட், ரஸ்ஸல் என்ற மூன்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். 1958-ல் மினமாட்டாவுக்கு வந்த ஆங்கிலேய நரம்பு வைத்தியர் ஒருவர் இந்த ஒற்றுமையைச் சுட்டிக் காட்டினார். குமமோட்டோக்காரர்கள் அந்தத் திசையில் தேடினார்கள். தொழிற்சாலை வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் சேற்றை அள்ளிப் பார்த்தால் ஒரு டன்னுக்கு இரண்டு கிலோ பாதரசம்! நோயாளிகளின் தலைமயிரிலும் பாதரசம். ஒருவருக்குப் பத்து லட்சத்தில் 705 பங்கு வரை இருந்தது. 1959 ஜூலை 22-ந் தேதி வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள்: காரணம் பாதரசம்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. 1958 செப்டம்பரிலேயே கழிவுநீரை விரிகுடாவுக்கு விடாமல் வடக்கே ஆற்று முகத்துக்குத் திருப்பி விட்டிருந்தது. விரிகுடா தப்பும் என்று அதைச் செய்தார்களோ, வேறு எதற்கோ. ஆனால் விளைவு நல்ல விஞ்ஞானச் சோதனை மாதிரி அமைந்துவிட்டது. வாய்க்கால் போன திசையில் புதிய குப்பங்களில் வியாதி தலைகாட்டிற்று. வேறு கட்சிகளும் கிளம்பின. யுத்தம் முடிந்த சமயத்தில் கடலில் எறிந்த வெடிமருந்துதான் காரணம் என்றது ஒரு கட்சி. அழுகிய மீனைத் தின்றதுதான் காரணம் என்று ஒரு பேராசிரியரே சொன்னார். மீனவன் அழுகிய மீனைத் தின்கிறானாம்! ஒரு நாளும் கடற்கரையைப் பார்க்காதவர்கள்தான் இதை நம்ப முடியும்.

*

இப்போது நம் பூனையிடம் வருகிறேன்.

டாக்டர் ஹோசோகாவா ஆஸ்பத்திரியில் பூனைகளை வைத்துத் தாமாகவே சோதனை செய்து கொண்டிருந்தார். 1959 ஜூலை மாதம், அசிட்டால்டிஹைடு பகுதியிலிருந்து நேராக வரும் கழிவுநீரை எடுத்து, நானூறாம் நம்பர் பூனையின் சாப்பாட்டில் தினமும் கலந்து வைத்தார். விரிகுடா மீனல்ல, சேறு அல்ல, தொழிற்சாலைக் குழாயிலிருந்து வந்த தண்ணீர். ஆகஸ்டு போயிற்று, செப்டம்பர் போயிற்று. அக்டோபர் முதல் வாரத்தில் பூனை தள்ளாடிற்று. வலிப்பு வந்தது. சுற்றிற்று. குப்பத்துப் பூனைகள் ஆடிய அதே ஆட்டம்.

அந்த நாளில் டாக்டரின் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கேள்வியை விட்டு நகர முடியவில்லை. அவர் கெட்டவர் அல்ல. வியாதியை உலகத்துக்கு அறிவித்தவரே அவர்தான். நோயாளிகளின் வீட்டுக்குப் போய் விசாரித்தவர். தம்முடைய கம்பெனியின் தண்ணீரைத் தாமே சோதிக்கும் நேர்மையும் இருந்தது. பூனையைக் கொன்று அதன் உறுப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்பினார். கண்டதைக் கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் தெரிவித்தார். கழிவுநீர்ச் சோதனையைத் தொடர வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பிற்பாடு மறுபடி அனுமதி கிடைத்துச் சில பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவையும் அதையே சொல்லின. எதுவும் வெளியே போகவில்லை. டாக்டரும் வெளியே சொல்லவில்லை. 1962-ல் ஓய்வு பெற்று, கடல் தாண்டித் தம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

அவரைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை, காரணம் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் நான் ஓர் எண்ணெய் வியாபாரியிடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள் தபாலில் ஒரு கிராமத்துக் கடைக்காரரின் கடுதாசி வந்தது. போன மாதம் அனுப்பிய நாலு டின் எண்ணெயை வாங்கிச் சமைத்த வீடுகளில் சிலருக்குக் கால் வீங்கியிருக்கிறது. மீதி டின்னை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி. முதலாளி இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்து என்னிடம் நீட்டி, “பைலில் வை தம்பி, பதில் வேண்டாம்” என்றார். நான் இரண்டு துளை போட்டுப் பைலில் வைத்தேன். வீட்டில் அம்மாவும் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கையும் இருந்தார்கள். எட்டு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக அந்த வேலையை விட்டேன். அந்த ஊரில் என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது. தெரிந்து கொள்ள நான் பிரயத்தனம் செய்யவில்லை என்பதுதான் சரியான வாக்கியம்.

விஷத்தைக் கடலில் கலப்பவர்கள் கொஞ்சம் பேர். பைலில் வைப்பவர்கள்தான் அதிகம்.

*

1959-ஆம் வருஷத்துக் கடைசி இரண்டு மாதங்கள் அந்த ஊருக்குப் பொல்லாத காலம். நவம்பர் 2-ந் தேதி மீனவர்கள் கூட்டமாகத் தொழிற்சாலைக்குள் புகுந்து நொறுக்கினார்கள். நூற்றுக்கு மேல் காயம் பட்டார்கள். அடுத்த சில நாளில் மேயரும் வியாபாரிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து கவர்னரிடம் போனார்கள். மீனவர்களுக்காக அல்ல, கழிவுநீரை நிறுத்தச் சொன்னால் தொழிற்சாலை நிற்கும், தொழிற்சாலை நின்றால் ஊர் சாகும், ஆகையால் நிறுத்த வேண்டாம் என்று மன்றாட! அவர்களையும் சுலபமாகத் திட்டிவிட முடியாது. ஊரின் வரிப்பணத்தில் ஏறக்குறையப் பாதி அந்தக் கம்பெனியைச் சார்ந்தே வந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு விடுமா என்கிறோம். இங்கே பூனை கண்ணைத் திறந்து கொண்டிருந்தது, மூடிக்கொண்டது ஊர்.

டிசம்பரில் கம்பெனி புதிதாக ஒரு சுத்திகரிப்பு யந்திரத்தைத் திறந்து வைத்தது. திறப்பு விழாவில் கம்பெனித் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் அருந்திக் காட்டினார். அசிட்டால்டிஹைடுப் பகுதியின் பாதரசக் கழிவு அந்த யந்திரத்தின் வழியாக வரவேயில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

டிசம்பர் 30-ந் தேதி ஓர் ஒப்பந்தம். நான் முன்னே சொன்ன இரண்டாவது காகிதம் இதுதான். அதன் பெயர் நஷ்ட ஈடு அல்ல; அனுதாபப் பணம். இறந்தவருக்கு மூன்று லட்சம் யென். பிழைத்திருக்கும் பெரியவருக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம். குழந்தைக்கு வருஷத்துக்கு முப்பதாயிரம். அதோடு ஒரு ஷரத்து: வியாதிக்குத் தொழிற்சாலையே காரணம் என்று பிற்காலத்தில் தெரிய வந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்கு உண்மை தெரியாது. கையெழுத்து வாங்கியவர்களின் ஆஸ்பத்திரியில் நானூறாம் நம்பர் பூனையின் குறிப்பு எழுதிக் கிடந்தது. வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, வீட்டில் நோயாளியையும் காலிப் பானையையும் வைத்துக் கொண்டு, மீன் விற்க வழியில்லாதவன் வேறு என்ன செய்வான்?

ஊர் அத்துடன் அடங்கிப் போயிற்று. அசிட்டால்டிஹைடு தொடர்ந்து உற்பத்தியாயிற்று. கழிவும் தொடர்ந்தது.

*

அடங்காதவை குழந்தைகள். குப்பங்களில் பிறவியிலேயே கழுத்து நிற்காத, கை கால் விளங்காத குழந்தைகள் நிறையப் பிறந்திருந்தன. மூளை வாதம் என்று டாக்டர்கள் சீட்டு எழுதினார்கள். 1961-ல் ஹாராடா மசாசுமி என்ற இளம் டாக்டர் ஒரு வீட்டுக்குப் போனார். திண்ணையில் இரண்டு சகோதரர்கள். இருவருக்கும் ஒரே லட்சணம். மூத்தவனுக்கு மினமாட்டா வியாதி, இளையவனுக்கு இல்லை என்று வைத்திருந்தார்கள். இளையவன் மீன் தின்றதே இல்லையாம். அப்படியானால் எப்படி வரும் என்பது வைத்திய சாஸ்திரத்தின் கேள்வி. மீனைத் தின்றவள் நான். நான் தின்றதுதான் வயிற்றிலிருந்த பிள்ளைக்குப் போயிருக்கிறது என்று தாயார் சொன்னாள். கருவிலிருக்கும் குழந்தையை நஞ்சுக்கொடி காப்பாற்றிவிடும், விஷத்தை உள்ளே விடாது என்பது அன்று டாக்டர்களின் நம்பிக்கை. தாயார் சொன்னதுதான் சரி. இறந்து போன குழந்தைகளின் மூளையைப் பரிசோதித்த பிறகு, 1962 நவம்பரில், பதினாறு குழந்தைகளுக்குக் கருவிலேயே விஷம் ஏறியது என்று ஒப்புக் கொண்டார்கள். சில தாய்மாருக்கு வியாதி லேசாகவே இருந்தது. தாயின் பங்கையும் சேர்த்துக் குழந்தை வாங்கிக் கொண்டுவிட்டது.

இதற்குச் சாட்சியும் வீட்டிலேயே இருந்தது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்ன மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியர் வழக்கம். நம் பக்கத்திலும் அதைத் தாயத்துக்குள் அடைத்து அரைஞாணில் கோத்துக் கட்டுவதுண்டு. பின்னாளில் டாக்டர்கள் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். எந்த வருஷத்துக் குழந்தையின் கொடியில் எவ்வளவு மீதைல் பாதரசம் என்பது தெரிந்தது. தொழிற்சாலையின் உற்பத்தி ஏறிய வருஷங்களில் அதுவும் ஏறியிருந்தது. கம்பெனியின் கணக்குப் புஸ்தகம் மறைத்ததைத் தாய்மார்களின் அலமாரி எழுதி வைத்திருந்தது.

மௌனத்துக்கு வட்டியும் உண்டு. 1965-ல் நாட்டின் மறுபக்கத்தில், நீகாட்டாவில், அகானோ நதிக்கரையில் அதே வியாதி கிளம்பிற்று. நதியின் மேலே வேறொரு கம்பெனி அதே முறையில் அசிட்டால்டிஹைடு செய்து கொண்டிருந்தது. 1959-ல் ஒரு பூனையின் கதையைச் சொல்லியிருந்தால் அந்த நதிக்கரை ஜனங்களில் பலர் தப்பியிருக்கலாம். 1968 மே மாதம் மினமாட்டாத் தொழிற்சாலை அசிட்டால்டிஹைடு செய்வதை நிறுத்திற்று. வியாதிக்குப் பயந்து அல்ல, அந்த முறை பழசாகிவிட்டது என்பதால். செப்டம்பர் 26-ந் தேதி, காரணம் தொழிற்சாலைக் கழிவுதான் என்று அரசாங்கம் அறிவித்தது. எந்த உற்பத்தியையும் நிறுத்தவேண்டிய சங்கடம் இல்லாமல் போன பிறகு உண்மை சொல்லுவது சுலபம். ஆனால் அதே வருஷம் ஆகஸ்டில் வேறொன்றும் நடந்தது. தொழிற்சாலையின் தொழிற்சங்கம் ஒன்று, இத்தனை வருஷம் நோயாளிகளுக்காக ஒன்றும் செய்யாமல் இருந்தது எங்களுக்கு வெட்கம் என்று தீர்மானம் போட்டது. யாரும் கட்டாயப்படுத்தாமல் வெட்கப்பட்ட மனிதர்களைச் சரித்திரத்தில் எங்கே கண்டாலும் நான் ஒரு நிமிஷம் நின்று வணங்குவது வழக்கம்.

1969-ல் சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1970 ஜூலையில் நியாயஸ்தலம் சாட்சியைத் தேடி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. படுக்கையில் டாக்டர் ஹோசோகாவா. புற்றுநோய். அந்தப் படுக்கையில் இருந்தபடியே நானூறாம் நம்பர் பூனைக்கு என்ன நேர்ந்தது, அதை யாரிடம் சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று சாட்சி சொன்னார். அக்டோபரில் காலமானார்.

1973 மார்ச் 20-ந் தேதி தீர்ப்பு. கழிவை வெளியே விடுவதற்கு முன்பு அதனால் தீங்கு இல்லை என்று நிச்சயப்படுத்திக் கொள்வது தொழிற்சாலையின் கடமை. அனுதாபப் பண ஒப்பந்தம் அறத்துக்கு விரோதமானது, ஆகையால் செல்லாது என்றது கோர்ட்டு. நஷ்ட ஈடு ஆளுக்கு ஒரு கோடியே எண்பது லட்சம் யென் வரை. 1988-ல் கம்பெனியின் முன்னாள் தலைவரும் முன்னாள் தொழிற்சாலை மானேஜரும் குற்றவாளிகள்தாம் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அரசாங்கத்துக்கும் ஜில்லா நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஊரில் இஷிமுரே மிச்சிகோ என்று ஓர் இல்லத்தரசி இருந்தார். நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வாயில் முழுதாக வராத பேச்சைத் தம் மனத்தில் முழுதாகக் கேட்டு, 1969-ல் ஒரு புஸ்தகமாக எழுதினார். அதற்குக் கிடைத்த பெரிய பரிசை வேண்டாமென்று மறுத்துவிட்டார். ஜப்பான் முழுவதும் மினமாட்டாவைத் திரும்பிப் பார்த்ததற்கு அந்தப் புஸ்தகம் ஒரு முக்கிய காரணம். டாக்டரின் குறிப்புப் புஸ்தகம் வாயை மூடிக் கிடந்த ஊரிலேயே ஒரு குடும்பஸ்திரீ நோட்டைத் திறந்து வைத்துக் கொண்டாள் என்பது எழுத்துத் தொழிலில் இருக்கிற எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது.

*

விரிகுடாவின் விஷச் சேற்றை 1977 முதல் 1990 வரை அள்ளினார்கள். பதினைந்து லட்சம் கன மீட்டர். ஒரு பகுதியைத் தூர்த்து, 58 ஹெக்டேர் நிலமாக்கிவிட்டார்கள். இப்போது அங்கே பூங்கா. மீன் வெளியே போகாமல் கடலில் கட்டியிருந்த வலையை 1997-ல் எடுத்தார்கள். மினமாட்டா மீனை இன்று பயமில்லாமல் சாப்பிடலாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் பல நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். 2018-ல் நம் தேசமும் அதை ஏற்றுக் கொண்டது. மினமாட்டா நோயாளி என்று சர்க்கார் முறைப்படி ஒப்புக் கொண்டவர்கள் இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல்; ஒப்புக் கொள்ளாமல் ஏதோ ஒரு தொகை கொடுத்துச் சமாதானப்படுத்தியவர்கள் பல்லாயிரம். எங்களையும் சேருங்கள் என்று வழக்காடியவர்களில் 128 பேருக்கு 2023 செப்டம்பரில் ஒஸாகா நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

ஒவ்வொரு வருஷமும் மே 1-ந் தேதி மினமாட்டாவில் இறந்தவர்களுக்கு நினைவு நாள். 2024-ஆம் வருஷத்து நினைவு நாளன்று சுற்றுச்சூழல் மந்திரி, சடங்கு முடிந்ததும் நோயாளிகளின் சங்கத்தாரைச் சந்தித்தார். ஆளுக்கு மூன்று நிமிஷம் பேச அனுமதி. ஒரு வயோதிகர் காலமான தம் மனைவியைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தார். மூன்று நிமிஷம் ஆயிற்று. காரியாலயத்து மனிதர்கள் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். பேப்பரில் விஷயம் வந்து, நாடே கோபித்துக் கொண்ட பிறகு, ஒரு வாரத்தில் மந்திரி மறுபடி வந்து நேரில் மன்னிப்புக் கேட்டார்.

திருவாரூர்க் கதையைச் சொல்லும்போது நாம் அரசனின் நீதியைப் புகழ்கிறோம். பெற்ற பிள்ளையையே தேர்க்காலில் இட்டானே என்று வியக்கிறோம். எனக்கென்னவோ அதற்கும் முந்தின ஒரு காரியம்தான் பெரிதாகப் படுகிறது. அரண்மனை மணியின் கயிறு ஒரு பசுவுக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது. மினமாட்டாவில் பூனைகள் வந்தன, காக்கைகள் வந்தன, குழந்தைகள் வந்தன. கயிற்றை மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டுகிற கைகளில் பெரும்பாலானவை ராஜாவின் கைகள் அல்ல. மாதச் சம்பளம் வாங்கும் கைகள்.

அந்தக் கடைக்காரரின் கடுதாசிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.